வெட்டுப்படாத மார்க்

செங், மலாக்கா
9.3.1997

என் செல்லத் தங்கை தாரணிக்கு,

மோகனா அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான், பூனை எல்லோரும் திடமாக இருக்கிறோம். உன் இடது கணுக்கால் வீக்கம் வற்றியதா? முதுகு, முட்டி, வயிறு மூன்றையும் தனித்தனியாக விசாரித்து எழுதச் சொன்னார் அம்மா. விசாரித்துவிட்டேன்.

போன ஞாயிறு தமிழ்ப் பேப்பரில் உன் போட்டோ வந்தது. ஜிம்னாஸ்டிக் பீம் கட்டை மேல் ஒற்றைக் காலில், கையை விரித்துக்கொண்டு, கொக்கு மாதிரி. தஞ்சோங் கிளிங்கிலிருந்து சின்னம்மா அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தே வந்துவிட்டார். அம்மா உடனே அதை லேமினேட் செய்து டிவி மேல் வைத்துவிட்டார். அங்கே இருந்த என் 94-ஆம் வருஷக் கோப்பை இப்போது அலமாரிக்குள், பழைய துணிக்குப் பக்கத்தில். "தூசு படியாம இருக்கும்லா" என்கிறார். சரிதான், தூசு படியாது.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. அந்தப் போட்டோவில் உன் பின்கால் முட்டி மடங்கியிருக்கிறது. நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

பேக்டரியில் என்னை கியூசிக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க லென்ஸ் வழியாகச் சின்னச் சின்னப் பாகங்களைப் பார்த்து இது பாஸ், இது ரிஜெக்ட் என்று பிரிக்க வேண்டும். என் கண்ணுக்குத் தப்பியது ஒன்றும் கிடையாது என்று சூப்பர்வைசரே சொன்னார். சனிக்கிழமை டவுனில் சைபர் கபே. ஐயோ தாரணி, இண்டர்நெட்டில் ஜிம்னாஸ்டிக் பைத்தியங்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது! ஒரு பெண்ணுக்கு 9.70 கொடுத்தது சரியா தப்பா என்று உலகம் பூரா உட்கார்ந்து மூன்று நாள் சண்டை. அங்கே என் பெயர் பீம்ராணி. கனடாக்காரி ஒருத்தி மார்க் போடும் விதிகளை முழுசாகத் தட்டி அனுப்பினாள். நூற்று நாற்பது பக்கம். டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு நானே படித்து முடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

ஏன் படித்தேன் தெரியுமா? 1995, ஆகஸ்ட், புக்கிட் பெருவாங் ஹால். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் தேர்வுக்கு நின்றோம். உனக்கு 33.45. எனக்கு 33.40. நீ கே.எல். பயிற்சி ஹாஸ்டலுக்குப் போனாய், நான் பேக்டரிக்கு வந்தேன். அந்த 0.05 எங்கே போனது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். உன் மேல் எந்த வருத்தமும் இல்லை.

ஒழுங்காகச் சாப்பிடு. கணுக்காலுக்கு ஐஸ் வை.

உன் அக்கா
மோகனா


கோலாலம்பூர்
2.4.1997

அன்பு அக்காவுக்கு,

தாரணியின் முத்தங்கள். கணுக்கால் பாதி சரி, பாதி அது இஷ்டம். பெரியம்மாவிடம் முதுகு, முட்டி, வயிறு மூன்றும் வணக்கம் சொன்னதாகச் சொல். வயிறு மட்டும் எப்போதும் அழுகிறது. காலையில் எடை பார்க்கிறார்கள், மாலையிலும் பார்க்கிறார்கள். நேற்று கனவில் பெரியம்மாவின் கோழிப் பெரட்டல் வந்தது. தொடுவதற்குள் மிஸ் டான் விசில் ஊதி எழுப்பிவிட்டார். ஹாஸ்டலிலும் அவர்தான் எங்களுக்கு கோச்.

முட்டி மடங்கியிருப்பது எனக்கும் தெரியும். போட்டோ எடுத்தவர் ரொம்ப நேரம் அப்படியே நிற்கச் சொன்னார்.

அக்கா, திரும்பத் திரும்ப அந்த 0.05 பற்றியே எழுதுகிறாய். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எனக்குப் போட்ட மார்க்கை நானா போட்டேன்? நீ வீட்டில் இருக்கிறாய், சம்பளம் வாங்குகிறாய், சனிக்கிழமை டவுனுக்குப் போகிறாய். இங்கே ஜன்னல் வழியாக ஒரு மாமரம் தெரிகிறது, அதைத்தான் பார்க்கிறேன்.

என் அறையில் கிருஷ்ணவேணி என்று ஒருத்தி. மலாக்காதான், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவள் அம்மா கஜலட்சுமி டீச்சர் ஜட்ஜாம். ரொம்ப நல்லவள். அவள் பிஸ்கட்டில் பாதி எப்போதும் எனக்கு.

கிட்டே இருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன்.

தாரணி


செங்
25.5.1997

தாரணிக்கு,

உன் அழுகிற வயிற்றுக்கு அக்காவின் ஆறுதல். இங்கே மழையும் இல்லை, நோயும் இல்லை.

பெரிய சேதி! நடுவர் வகுப்பில் பாஸ் பண்ணிவிட்டேன்! மாநில அளவில் நான்கு நாள் வகுப்பு, பதினெட்டு வயது ஆனால் போதும். பதினோரு பேரில் எனக்குத்தான் முதல் மார்க். மற்றவர்கள் எல்லாம் டீச்சர்கள். ஆடுகிற வேகத்திலேயே ஒவ்வொரு அசைவையும் கோடும் வளைவுமாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும். பேப்பரைப் பார்க்கக் கூடாது. எனக்கு அது தண்ணி குடிக்கிற மாதிரி. கார்டு கொடுத்திருக்கிறார்கள், போட்டோ ஒட்டி.

எப்படிப் போடுவோம் என்று உனக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் எல்லாம் குதிக்க மட்டும்தானே செய்கிறீர்கள். பத்திலிருந்து வெட்டிக்கொண்டே வருவோம். ஆட்டம் கண்டால் வெட்டு, முட்டி மடங்கினால் வெட்டு, விழுந்தால் அரை மார்க் வெட்டு. நான்கு ஜட்ஜ், நான்கு சீட்டு. ரொம்ப மேலே இருப்பதையும் ரொம்பக் கீழே இருப்பதையும் தள்ளிவிட்டு, நடுவில் உள்ள இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அதுதான் உன் மார்க். போர்டில் அது மட்டும்தான் வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஆடுகிறவளுக்குத் தெரியாது.

கார்டை அம்மாவிடம் காட்டினேன். "நல்லதுமா" என்றார். டிவி மேல் வைக்கவில்லை.

முட்டியை நீட்டு.

மோகனா


கோலாலம்பூர்
30.6.1997

ஜட்ஜ் அக்காவுக்கு வணக்கம், வணக்கம், இன்னொரு வணக்கம்!

தாமதத்துக்கு மன்னித்துவிடு. தினம் ஏழு மணி நேரப் பயிற்சி, பேனாவை எடுப்பதற்குள் தூங்கிவிடுகிறேன். மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

நவம்பரில் ஒசாகாவில் ஓர் அழைப்புப் போட்டி. ஆறு பேர் போகலாம். ஐந்து பேர் நிச்சயம், அவர்கள் இனி தேர்வுக்கு நிற்க வேண்டாம், கிருஷ்ணவேணியும் அதில் ஒருத்தி. ஆறாவது இடத்துக்கு மட்டும்தான் போட்டி, நானும் பினாங்கு ஸியூ லிங்கும். கடைசித் தேர்வு செப்டம்பர் 21. எங்கே தெரியுமா? புக்கிட் பெருவாங் ஹாலில்! நம் ஹாலில்!

மிஸ் டான் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆறுக்குள் வராதவளுக்கு அடுத்த வருஷம் ஹாஸ்டலில் கட்டில் கிடையாது. அக்கா, இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தைப் பாதி விட்டுவிட்டு இங்கே கிடக்கிறேன். இப்போது திரும்பி வந்தால் நான் எதற்கும் ஆகாதவள்.

அப்பாவுக்கு ஹோட்டலில் லீவு கிடைத்தால் வேன் எடுத்துக்கொண்டு எல்லோரையும் ஏற்றி வருவாராம். நீயும் வா. முன்வரிசையில் உட்கார்.

தாரணி


செங்
24.8.1997

தாரணிக்கு,

இங்கே வானமே தெரியவில்லை, ஒரே புகைமூட்டம். அம்மாவுக்கு இருமல். உனக்கு அங்கே மூச்சு விட முடிகிறதா?

நான் முன்வரிசையில் உட்கார மாட்டேன். அதற்கும் முன்னால் உட்காரப் போகிறேன். பீம் நடுவர் தம்புசாமி சாருக்கு டெங்கி. மலாக்காவிலேயே கார்டு உள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பீம், மூன்றாம் நாற்காலி. கால் இரண்டும் எனக்குத் தரையில் இல்லை!

ஆனால் நிரப்பிக் கையெழுத்துப் போட ஒரு பாரம் வந்திருக்கிறது. அதில் ஒரு கேள்வி: போட்டியாளர்களில் உறவினர் உண்டா, ஆம், இல்லை. உண்டு என்று எழுதினால் உட்கார வைக்க மாட்டார்கள். தலைமை நடுவர் போனில், "நீங்க ரங்கசாமி மகள், லிஸ்ட்ல வேற ரங்கசாமி இல்லையே, அப்ப ஓகே" என்றார். அப்பா பெயரை மட்டும்தான் பார்க்கிறார்கள். நமக்கோ அவரவர் அப்பா பெயர். நான் மோகனா அ/பெ ரங்கசாமி, நீ தாரணி அ/பெ கந்தசாமி. அம்மா இருவரும் கூடப் பிறந்தவர்கள் என்பது எந்தப் பாரத்திலும் இல்லை.

என்ன செய்யட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

மோகனா


கோலாலம்பூர்
29.8.1997

அக்கா,

நலம், நலம், எல்லாம் நலம். அவசரமாக எழுதுகிறேன்.

இல்லை என்று போடு. யாருக்கும் தெரியாது. கிருஷ்ணவேணியிடம்கூட நான் சொல்லவில்லை. அப்பா அம்மாவிடம் சொல்லி, ஹாலில் உன்னிடம் பேசாமல் இருக்கச் சொல்கிறேன்.

நீ அங்கே உட்கார்ந்திருந்தால் எனக்குப் பயமே இருக்காது. கொஞ்சம் பார்த்துப் போடு, அக்கா. உனக்குத்தான் எங்கே எவ்வளவு கூட்டலாம் என்று தெரியுமே.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தா.


கோலாலம்பூர்
25.9.1997

அன்பு அக்காவுக்கு,

உடம்பு இருக்கிறது. மனசைக் கேட்காதே.

போர்டைப் பார்த்திருப்பாய். ஸியூ லிங் 34.200. நான் 34.125. இந்தத் தடவை 0.075. நம் குடும்பத்துக்கு இந்த ஹாலில் என்னதான் சாபமோ!

வால்ட், பார்ஸ், ஃப்ளோர் மூன்று பிரிவிலும் நான் எதிர்பார்த்த மார்க்தான். பீமில்தான் போனது. 8.625! அக்கா, நான் விழவில்லை. ஒரே ஓர் இடத்தில், திரும்பும்போது, லேசாக ஆடினேன். கீழே இறங்கியதும் மிஸ் டான் என் காதில், "எட்டு எழுபத்தஞ்சு, உள்ள போய்ட்ட" என்றார். அப்புறம் போர்டைப் பார்த்து அவர் முகமே கறுத்துவிட்டது.

உன் மார்க் எனக்குத் தெரியும். நீ மேலே போட்டிருப்பாய், ரொம்ப மேலே இருக்கிறதென்று தள்ளிவிட்டிருப்பார்கள். பாவம் நீ. எனக்காகச் செய்தது வீணாகிவிட்டது.

யாரோ ஒருத்தர் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். உனக்குத் தெரியும்தானே? நான்கு சீட்டையும் பார்த்திருப்பாய். யார் என்று மட்டும் சொல்.

தாரணி


(தபாலில் சேர்க்காத கடிதம்)

செங்
28.9.1997

தாரணி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நான்கு சீட்டையும் பார்த்தேன். முடிந்ததும் கையெழுத்துக்காகச் சுற்றி வந்தது. முதல் நாற்காலி 8.75. இரண்டாவது 8.45. நான்காவது, கஜலட்சுமி டீச்சர், 8.80. மூன்றாவது 8.50.

மூன்றாவது நான்.

பீம் பக்கத்தில் நின்று கை தூக்கி எங்களுக்கு மரியாதை செய்தாய். அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தாய். மார்க் ஏற்கெனவே உன் பையில் இருக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. 95-லும் அதே சிரிப்புதான் சிரித்தாய். நான் அழுதுகொண்டு கால்சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது.

நீ நன்றாக ஆடினாய். அதுதான் தாங்கவில்லை. கோடும் வளைவுமாக என் கை தானாகக் குறித்துக்கொண்டே போனது, குறையே வரவில்லை. என் கூட்டலில் 8.75 வந்தது. எழுதியும்விட்டேன். அப்புறம் யோசித்தேன். மற்ற மூன்று பேரும் 8.70-க்குக் கீழே போக மாட்டார்கள். நான் 8.50 போட்டால் அதுதான் கீழ் மார்க், தள்ளிவிடுவார்கள், அவளுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு மட்டும் தெரியும், ஒரு தடவையாவது நான் அவளைக் கீழே இறக்கினேன் என்று. 8.75-ஐ அடித்துவிட்டு 8.50 எழுதினேன். காரணம் கேட்டால் சொல்ல, அந்தத் திரும்புகிற இடத்து ஆட்டத்துக்கு 0.25 கூடுதலாக வெட்டியதாகக் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாற்காலிக்காரர் 8.45 போடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவருடையது தள்ளப்பட்டது. என்னுடையது நின்றுவிட்டது.

நூற்று நாற்பது பக்கம் படித்தவள் நான்.


செங்
5.10.1997

தாரணிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். புகை இன்னும் போகவில்லை. பேக்டரியில் முகமூடி கொடுத்திருக்கிறார்கள்.

உன் கடிதம் கிடைத்தது. சீட்டு விவரமெல்லாம் நடுவர்கள் வெளியே சொல்லக் கூடாது, அது விதி. நடந்தது நடந்துவிட்டது. தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுடப் போகிறார். உனக்கு அனுப்பச் சொல்கிறார், எடை பார்ப்பார்கள் என்று நான்தான் தடுத்தேன்.

வேறு விசேஷம் இல்லை.

மோகனா


கோலாலம்பூர்
12.10.1997

அக்கா,

விதியா? எனக்கா விதி சொல்கிறாய்?

மிஸ் டான் மறுபரிசீலனைக்கு எழுதிவிட்டார். தேர்வுக் குழு 24-ஆம் தேதி கூடுகிறது. சீட்டுகளின் நகல் வந்தது. ஜட்ஜ் பெயர் இல்லை, வெறும் மார்க்: 8.80, 8.75, 8.50, 8.45. மிஸ் டான் சொன்னார், "கீழ இருக்கிறது எப்படியும் போச்சு, அந்த எட்டு ஐம்பதுதான் ஒன்ன கொன்னுச்சு." அந்த 8.50 யாருடையது, அக்கா?

நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கஜலட்சுமி டீச்சர்தான். வேறு யார்? யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு நம்மைப் போல ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள் மேலே வந்தால் பிடிக்காது என்று அப்பா எப்போதும் சொல்வார், நான் நம்பியதில்லை. இப்போது கிருஷ்ணவேணியோடு நான் பேசுவதில்லை. நேற்று பிஸ்கட்டை நீட்டினாள். "ஒங்கம்மாவுக்கே குடு, நல்லா மென்னு திங்கட்டும்" என்றேன். அழுதாள். கட்டிலை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நீ ஒரு வரி எழுதினால் போதும். குழுவுக்கு இல்லை, எனக்கு. நான் பெட்டி கட்டுவதற்குள்.

கணுக்கால் வலிக்கிறது. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

தாரணி


செங்
18.10.1997

தாரணி,

கணுக்காலைக் கேட்காமல் விட்டேன். மன்னித்துக்கொள். இனி கேட்க எனக்கு உரிமை இருக்குமோ என்னவோ.

முதலில் இது. கஜலட்சுமி டீச்சர் உனக்குப் போட்டது 8.80. நான்கில் அதுதான் மேல் மார்க், அதனால் தள்ளப்பட்டது. இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்கு முன்னால் எழுந்து போய்க் கிருஷ்ணவேணியிடம் பேசு.

பேசிவிட்டாயா?

அந்த 8.50 என்னுடையது. முதலில் 8.75 எழுதி, அடித்து, மாற்றினேன். நீ ஆடியதில் காரணம் இல்லை. என்னில்தான் இருந்தது. கீழ் மார்க்காகப் போய்விடும், உனக்குப் படாது என்று கணக்குப் போட்டேன். பொறாமையைக்கூட உனக்குப் படாமல் பட வேண்டும் என்று நினைத்தவள் நான், பார். செப்டம்பரில் இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, அலமாரியில் அந்தக் கோப்பைக்குள் மடித்து வைத்திருந்தேன். அதையும் இதோடு அனுப்புகிறேன்.

தேர்வுக் குழுவுக்கு இன்று பதிவுத் தபால் போட்டுவிட்டேன். நகல் உள்ளே. நாம் அக்கா தங்கச்சி முறை என்பதை எழுதியிருக்கிறேன். பாரத்தில் பொய் எழுதியது நான். நீ சொல்லி எழுதினேன் என்று போடவில்லை, அந்தக் கடிதத்தை அன்றே கிழித்துவிட்டேன். 8.75 அடித்த என் குறிப்புத் தாளையும் குழுவுக்கு அதோடு வைத்து அனுப்பியிருக்கிறேன். உறவுக்காரர் போட்ட மார்க் செல்லாது. மூன்று பேர் மார்க் மட்டும் என்றால் நடுவில் இருப்பதுதான் கணக்கு. 8.75. உன் மொத்தம் 34.250.

அம்மாவிடம் நேற்று சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவர் கையை எடுக்கவில்லை. "ஒனக்கு அவ மேல அவ்ளோ கோவமா?" என்றார். "கோவம் இல்லம்மா" என்றேன். "அப்ப என்ன?" அம்மா கையைக் கழுவிவிட்டு அலமாரியைத் திறந்து கோப்பையை எடுத்துத் துடைத்தார். டிவி மேல் இடம் இல்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

மோகனா


செங்
2.11.1997

தாரணிக்கு,

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன்.

தீபாவளிக்குச் சின்னம்மா வீட்டுக்கு அம்மா மட்டும் போனார். நீ அணியில் இருப்பதாக வந்து சொன்னார். குழு எனக்கும் எழுதியிருக்கிறது. கார்டைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஐந்து வருஷத்துக்கு எந்தப் போட்டியிலும் உட்காரக் கூடாது. அனுப்பிவிட்டேன். பீம்ராணியும் போய்விட்டாள். அந்தப் பக்கத்தில் கடைசியாக நானே நடந்ததை எழுதினேன், பெயர் சொல்லாமல், அந்த மூன்றாம் ஜட்ஜை என்ன செய்யலாம் என்று கேட்டு. எண்பது பேர் திட்டினார்கள். எல்லாம் நியாயமான திட்டுதான்.

முறுக்கு அனுப்புகிறேன். ஸியூ லிங்குக்கும் கொடு, வாங்கினால்.

மோகனா


கோலாலம்பூர்
9.12.1997

மோகனா அக்காவுக்கு,

சுகமா என்று இந்த முறை கேட்கவில்லை. கேட்கத் தோன்றும்போது கேட்கிறேன்.

மிஸ் டான் உன் குறிப்புத் தாளைக் காட்டினார். 8.75 மேல் ஒரே ஒரு கோடு. அழுத்திக்கூடப் போடவில்லை. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஸியூ லிங் ஒரு மாதம் அணியில் இருந்தாள். பெட்டியில் பெயர்கூட ஒட்டிவிட்டாள். வெளியே போனபோது என்னைப் பார்த்து, "யுவர் சிஸ்டர், ஆ?" என்று மட்டும் கேட்டாள். முறுக்கு வாங்கவில்லை. கிருஷ்ணவேணி மூன்று நாள் கழித்துப் பேசினாள், இப்போது பிஸ்கட்டை உடைக்காமல் முழுசாகத் தருகிறாள். பாதி கொடுத்த காலம்தான் நன்றாக இருந்தது.

"கொஞ்சம் பார்த்துப் போடு" என்று எழுதியது நான். மிஸ் டானிடம் அதையும் சொல்லிவிட்டேன். கன்னத்தில் ஒன்று கொடுத்தார், அப்புறம் பயிற்சிக்குக் கூப்பிட்டார்.

ஒசாகா முடிந்தது. பீம் ஆட்டத்தை வீடியோ எடுத்தார்கள். கேசட் உள்ளே. அங்கே எனக்கு எவ்வளவு போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

நீ போடு. இந்தத் தடவை ஜட்ஜ் ஒருத்திதான். மேலேயும் தள்ள முடியாது, கீழேயும் தள்ள முடியாது. நீ போடுவதுதான் மார்க்.

தாரணி


செங்
21.12.1997

தாரணிக்கு,

நாங்கள் நலம். மழை வந்து புகையெல்லாம் போய் வானம் திரும்பத் தெரிகிறது. கணுக்கால் எப்படி?

கேசட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் பேப்பர், கையில் பேனா. பென்சில் எடுக்கவில்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஒசாகா ஹால் எவ்வளவு பெரியது! எத்தனை விளக்கு! நீ கை தூக்கியதும் அது அப்படியே திரும்பி வந்தது. அது என்னோடுதான் இருக்கும் போலிருக்கிறது. அப்புறம் அந்தத் திரும்புகிற இடம். நீ விழுந்தாய். அதே இடத்தில். எனக்குள்ளே ஒருத்தி சிரித்தாள், தாரணி, ஒரு நொடி. நான் அவளைப் பார்த்தேன். என் கை அதன் பாட்டுக்குக் குறித்துக்கொண்டே போனது.

"பாவம் புள்ள," என்றார் அம்மா. "எவ்ளோ போடுவ?"

இரண்டாம் தடவை ஓட்டிப் பார்க்கவில்லை. ஜட்ஜுக்கு ஒரு தடவைதான். தாள் இதோடு இருக்கிறது, கோடும் வளைவுமாக, அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. பின்கால் முட்டி நேராக இருந்தது, அங்கே வெட்டு இல்லை. இறங்கும்போது ஒரு சின்ன அடி எடுத்து வைத்தாய், 0.10. மற்றவை வரிசையாகத் தாளில்.

8.20.

விழுந்ததற்கு அரை மார்க். அதற்கு மேல் என் பங்குக்கு ஒன்றும் வெட்டவில்லை.

ஐஸ் வை.

அக்கா